மாடிப்படிக்குக் கீழே இரண்டு டப்பா

மனித குலம் இதுவரை கண்ட விடுதலைகளிலேயே பெரியது எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, துடைப்பத்துக்குப் பக்கத்தில், இரண்டு தகர டப்பாக்களில் இருந்தது.

இது என் கருத்து அல்ல. துப்பாக்கி உரிமையாளர் சங்கத் தலைவரின் சொற்பொழிவில் முதல் வரி. தலைவர் என் அப்பா. கூட்டம் நடந்தது எங்கள் வீட்டுக் கூடத்தில். வந்திருந்தவர்களை ஏற்றினால் ஒரு வேன்கூட நிரம்பாது. அவர்களிலும் ஒருவர் நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். பேச்சு முடிந்ததும் நாற்காலிகளை எடுத்துப் போகக் காத்திருந்தார். எல்லாரையும்விட உற்சாகமாகக் கைதட்டியவர் அவர்தான்.

"அந்த டப்பா எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரிக்குத் தெரியும். அதை அரசாங்கத்துக்கு என் வாயால சொல்ற நாள் வந்தா, அன்னிக்கு நான் மனுஷனே இல்ல!" என்று முழங்கிய அப்பா, மாடிப்படிக்குக் கீழே இருந்த கதவை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். வந்திருந்த அத்தனை பேரும் அந்தக் கதவைப் பார்த்தார்கள். நாற்காலிக்காரரும் பார்த்தார்.

"மெதுவா தட்டுங்க. துடைப்பம் விழுந்துடும்," என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

விஷயம் இதுதான். அப்பாவும் அவர் நண்பர்களும் வைத்திருந்தவை குழலின் வாய் வழியே மருந்து போட்டு, குச்சியால் இடித்துச் சுடும் பழைய காலத்துத் துப்பாக்கிகள். எல்லாவற்றுக்கும் உரிமம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஊருக்கு வெளியே ஒரு திடலில், அட்டையில் வரைந்த வட்டங்களைச் சுடுவார்கள். பெரும்பாலும் வட்டங்களுக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு வேண்டிய கருமருந்தை ஆளுக்குக் கொஞ்சம் வீட்டில் வைத்திருந்தார்கள். அரசாங்கம் இப்போது ஒரு விதி கொண்டுவந்திருந்தது. வீட்டில் வெடிமருந்து வைத்திருப்பவர்கள், என்ன மருந்து, எவ்வளவு, எந்த இடத்தில் என்று தீயணைப்பு நிலையத்துக்கு உடனே போனில் சொல்ல வேண்டும். பிறகு எழுதியும் தர வேண்டும்.

சங்கத்தின் பயம் வெறும் வீம்பு அல்ல. முன்பு ஒரு முறை, உரிமம் வைத்திருப்பவர்களின் பெயர்ப் பட்டியலை ஏதோ ஓர் அலுவலகத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். கொஞ்ச நாளில் சங்கத்தில் இருந்த கண் டாக்டர் வீட்டில் திருடன் புகுந்தான். நகையைத் தொடவில்லை. டிவியைத் தொடவில்லை. துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

"அவன் என் வீட்டுல வழி தேடவே இல்லைங்க," என்றார் கண் டாக்டர். "என்கிட்ட வர்ற பேஷன்டுகூட அவ்வளவு நேரா நடந்து வந்தது இல்ல."

"இன்னிக்கு அதிகாரி வந்து மருந்து எங்கன்னு கேப்பான். நாளைக்குத் துப்பாக்கி எங்கன்னு கேப்பான். அதுக்கு அடுத்த நாள், எடுத்துக் கொடுன்னு கேப்பான்," என்றார் அப்பா. பலத்த கைதட்டல். நாற்காலிகள் போயின.

இவ்வளவு பேசிய அப்பாவின் தொழில், ஊருக்கே விதிகளைச் சொல்லிக் கொடுப்பது. அவர் கார் ஓட்டும் பயிற்சிப் பள்ளி வைத்திருந்தார். காலையிலிருந்து மாலைவரை இடது பக்க இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் உபரி பிரேக்கின்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, "கையைக் காட்டு! கையைக் காட்டு!" என்று கத்துவார். பின்னால் யாருமே இல்லையே சார் என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. "உனக்குத் தெரியாம ஒருத்தன் வர்றான் பாரு, அவனுக்குத்தான் கை! நீ எங்க திரும்பப் போறேன்னு உனக்குத் தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்?"

இந்தப் பள்ளியில்தான் என் அக்காவின் கணவர் கனரக வாகனம் ஓட்டக் கற்றுக்கொண்டார். தீயணைப்பு நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த சமயம். வண்டியைப் பின்னால் எடுக்க அப்பாவிடம் கற்றார். அதே வண்டியின் கண்ணாடியில், கணக்கு எழுத வரும் அக்காவைப் பார்க்கத் தானே கற்றார். அப்பாவுக்குச் செய்தி கடைசியாகத்தான் தெரிந்தது. "கண்ணாடியைப் பார், கண்ணாடியைப் பார்னு நான்தானே சொன்னேன்," என்று தலையில் அடித்துக்கொண்டு சம்மதித்தார்.

நான் அவரை மச்சான் என்பேன். அவரும் என்னை மச்சான் என்பார். யார் யாரைக் கூப்பிடுகிறோம் என்று அம்மா அடுப்படியிலிருந்து குழம்புவாள்.

விதி வந்த வாரத்தில் சாப்பாட்டு மேசையில் மச்சான் பேச்சை எடுத்தார்.

"மாமா, ஒரு போன்தானே. நீங்க எங்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தர்றதே அதுதானே. கையைக் காட்டுறது."

"கையைக் காட்டினா எவனும் வண்டியைப் பிடுங்க மாட்டான், மாப்பிள்ளை."

"அது சரிதான். பட்டியலை ஒட்டினது தப்புதான். ஆனா நாங்க எதுக்குக் கேக்குறோம் தெரியுமா?" மச்சான் தண்ணீர் டம்ளரைத் தட்டுக்கு முன்னால் நகர்த்தி வைத்தார். "இதுதான் வீடு. எரியுது. உள்ள மருந்து இருக்குன்னு தெரிஞ்சா வெளியவே நின்னு தண்ணி அடிப்போம். வீடு போனாப் போகுது. இல்லைன்னு தெரிஞ்சா உள்ள போவோம். எங்களுக்கு அவ்வளவுதாங்க வித்தியாசம். உள்ளயா, வெளியவா."

அப்பா அந்த டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டார்.

"வீட்டையே குடிச்சிட்டாரு," என்றார் மச்சான் அக்காவிடம். அக்கா சிரித்துப் புரையேறி, அம்மா அவள் தலையைத் தட்டி, பேச்சு அதோடு போயிற்று.

அடுத்த கூட்டத்தில் அப்பா ஒத்திகை வைத்தார்.

யாராவது சீருடையில் வந்து கதவைத் தட்டிக் கேட்டால் என்ன சொல்வது? எல்லாரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். தயங்கக் கூடாது. அப்பா என் பழைய பள்ளிக்கூடத் தொப்பி ஒன்றை அணிந்து அதிகாரியானார். ஒவ்வொருவராக முன்னால் வந்து நிற்க, அவர் கேட்பார்: "உள்ள ஏதாவது இருக்கா?" பதில்: "ஒண்ணும் இல்லைங்க."

கண் டாக்டர் பதிலோடு நிறுத்தாமல், தன் வீட்டில் என்னென்ன இல்லை என்று விளக்கப் போனார். அவரை உட்காரச் சொன்னார்கள். மிகவும் மோசமாகச் செய்தவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள மனிதர். கீழே கடை, மேலே வீடு. பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. அப்பா தொப்பியோடு முன்னால் வந்து நின்றதும் அவருக்கு வியர்த்தது.

"உள்ள ஏதாவது இருக்கா?"

"கொஞ்சம் இருக்குங்க. கடைக்குப் பின்னால, படிக்கட்டுப் பக்கத்துல."

கூடம் குலுங்கிச் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. இப்படிப்பட்ட மாணவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

"யோசிக்கிறீங்க. யோசிச்சுப் போடுறது பிரேக்கே இல்ல. கால் தானா போகணும். அது மாதிரி வாயில தானா வரணும். சொல்லுங்க. உள்ள ஏதாவது இருக்கா?"

"ஒண்... ஒண்ணும் இல்லைங்க."

"மறுபடியும்."

மற்றவர்கள் தேநீர் குடித்தார்கள். கடிகாரக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி வைத்து, கழுத்தை நேராக்கி, அப்பாவின் நெற்றியைப் பார்த்தபடி. கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழும்வரை அப்பா விடவில்லை. அந்தச் சமயத்தில்தான் அக்காவைக் கொண்டுவந்து விட்டுப் போக மச்சான் வேலை உடையோடு வாசலில் வந்து நின்றார். கடிகாரக்காரர் திரும்பினார். உடையைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லைங்க!"

"நான் இன்னும் எதுவுமே கேக்கலையே," என்றார் மச்சான்.

இதைவிடப் பெரிய நகைச்சுவையை எங்கள் கூடம் கண்டதில்லை. கண் டாக்டருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அப்பா கடிகாரக்காரரின் முதுகில் ஓங்கித் தட்டி, "லைசென்ஸ் கொடுத்தாச்சு, போங்க!" என்றார்.

எல்லாரும் போன பிறகு மச்சான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். குரலில் விளையாட்டு இல்லை.

"மாமா, இவர்கிட்ட நிஜமாவே இருக்கா? கடைத்தெரு மொத்தமும் எங்க நிலையத்துக்குக் கீழதான் வருது."

"அவர்கிட்ட இருந்தது, சங்கத்துல மத்தவங்ககிட்ட இருந்தது, எல்லாத்தையும் திடல் கொட்டகைக்கு மாத்தியாச்சு, மாப்பிள்ளை."

"நிஜமா?"

"என் வார்த்தைக்கு மேல வேற என்ன வேணும் உங்களுக்கு?"

"அது போதும், மாமா," என்றார் மச்சான். தெருமுனையில் வண்டியைத் திருப்புமுன் வழக்கம்போல் கையை நீட்டிக் காட்டினார். பின்னால் யாரும் இல்லை.

கடைத்தெருவில் தீப்பிடித்தது ஒரு பிற்பகலில். நான் கல்லூரி முடிந்து அப்பாவின் பயிற்சிக் காரில் பின்னிருக்கையில் ஓசிச் சவாரியில் இருந்தேன். ஸ்டியரிங்கில் ஒரு நடுவயதுப் பெண்மணி. கியரை மாற்றும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார். கடைத்தெருவின் முனையில் கூட்டம் மறித்தது. எதிர்முனையில் கடிகாரக் கடையின் மாடி ஜன்னலிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

தீயணைப்பு வண்டி பக்கத்துச் சந்திலிருந்து பின்பக்கமாக நுழைந்தது. இரண்டு பக்கமும் கடைப் பலகைகள். ஒன்றையும் உரசாமல், ஒரே மடக்கில் வந்து நின்றது.

"பாரும்மா," என்றார் அப்பா அந்தப் பெண்மணியிடம். "ரிவர்ஸ்னா அதுதான். நான் சொல்லிக் கொடுத்த கை. என் மாப்பிள்ளை."

மச்சான் குதித்து இறங்கினார். தலைக்கவசத்தை மாட்டினார். நடைபாதையில் கடிகாரக்காரர் நின்றிருந்தார். பழுதுபார்க்க வந்த கைக்கடிகாரங்கள் வைத்த தட்டு ஒன்று அவர் கையில் இருந்தது. எதற்கு அதை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. மச்சான் அவர் தோளைப் பிடித்து முகத்துக்கு நேராக ஏதோ கேட்டார்.

எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு தூரம். ஆனால் கடிகாரக்காரர் தட்டைக் கீழே வைத்ததைப் பார்த்தோம். கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டதைப் பார்த்தோம். கழுத்து நேரானது. வாய் அசைந்தது.

மச்சான் இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறை வாய் அசைந்தது.

மச்சான் தலையாட்டிவிட்டு, பின்னால் நின்ற வீரருக்குக் கையைக் காட்டினார். உள்ளே என்று.

அப்பாவின் கால் பிரேக்கை மிதித்தது. வண்டி எப்போதோ நின்றிருந்தது. அவர் மிதித்துக்கொண்டே இருந்தார். பிறகு கதவைத் திறந்து ஓடினார். நான் அப்பா ஓடி அதற்கு முன் பார்த்ததில்லை. கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு, "இருக்கு! இருக்கு! மாப்பிள்ளை, இருக்கு!" என்று கத்தினார். யாரோ உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து ஜனங்கள், "யாருங்க, யாரு இருக்காங்க?" என்று அவர் சட்டையைப் பிடித்துக் கேட்டார்கள். நல்ல ஜனங்கள். உதவி செய்வதற்காகத்தான் பிடித்தார்கள்.

சத்தம் அப்படி ஒன்றும் பெரிதில்லை. ஞாயிற்றுக்கிழமை திடலில் கேட்பதைவிடக் கொஞ்சம் கூடுதல். பின்பக்கச் சுவரும் படிக்கட்டும் சரிந்தன. பின்னால் போனவரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் போனவரைக் கொண்டுவர இருட்டிவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தவற்றைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அக்கா மாடி அறைக்குத் திரும்பி வந்தாள். மச்சானின் சாப்பாட்டு டப்பாவை நிலையத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்று அவர் மத்தியானமே சாப்பிட்டுவிட்டிருந்தார். யாரோ அக்கறையாக அதைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, மூடியை ஒழுங்காகப் பொருத்திக் கொடுத்திருந்தார்கள். அம்மா அதைக் கையில் வாங்கித் திறந்து பார்த்துவிட்டு, "கழுவாமயே கொடுத்திருக்கலாமே," என்றாள். அதுவரை அழாத அக்கா அப்போதுதான் அழுதாள்.

கடிகாரக்காரர் வந்தார். வாசற்படி ஏறவில்லை. உள்ளே வாங்க என்று அம்மா சொல்லியும் வெளியிலேயே நின்றார். அக்கா எழுந்து போனாள்.

"அவர் கேட்டாராங்க?"

"கேட்டாரும்மா. ரெண்டு தடவை கேட்டாரு. உள்ள ஏதாவது இருக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னு கேட்டாரு." வாசற்படியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் யோசிக்கலைம்மா. வாயில தானா வந்துடுச்சு. சொன்னதுகூடத் தெரியலை. அவர் உள்ள போனப்புறம்தான், என்ன சொன்னேன்னு என் காதுல விழுந்துச்சு."

கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாதான் பேசினார். அவர் குரலை அடையாளம் தெரியவில்லை.

"அவரை ஏதும் சொல்லாதம்மா. அவர் வாயில வந்தது என் வார்த்தை. உன் புருஷன்கிட்டயும் நான்தான் சொன்னேன், அங்க ஒண்ணும் இல்லைன்னு."

அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். "தெரியும்பா," என்றாள். "அன்னிக்கு வீட்டுக்கு வந்து சொன்னாரு. மாமாவே சொல்லிட்டாரு, கடைத்தெரு பத்தி இனிமே கவலை இல்லைன்னு. அன்னிக்கு நல்லா தூங்கினாரு."

அதன் பிறகு அவள் அப்பாவிடம் நேராகப் பேசுவதை விட்டுவிட்டாள். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லும்மா" என்பாள் அம்மாவிடம். அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். "அவளை வச்சிட்டுப் போகச் சொல்லு" என்பார் அவரும்.

கண் டாக்டர் ஒருநாள் வந்தார். துக்கம் கேட்டுவிட்டு, மெல்லத் தொண்டையைக் கனைத்து, இந்தச் சம்பவத்தைச் சாக்காக வைத்து அரசாங்கம் நம்மை நெருக்கும், இப்போதுதான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும், தலைவர் ஒரு கூட்டம் போட வேண்டும் என்றார். அப்பா அவருக்கு ஒரு நாற்காலி போட்டார். அவர் போகும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். தேதி எதுவும் குறிக்கவில்லை. கண் டாக்டர் தானே நாற்காலியை மடித்து வைத்துவிட்டுப் போனார்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த கதவை யாரும் திறக்கவில்லை. அம்மா புதுத் துடைப்பம் வாங்கி அடுப்படியில் வைத்துக்கொண்டாள். அந்த டப்பாக்களைத் தூக்கிக் குப்பையில் போட்டுத் தொலைங்களேன் என்று அவள் ஒருமுறை சொன்னபோது, அப்பா எழுந்து கதவுவரை போனார். கைப்பிடியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். வட்டங்களைப் பயமுறுத்திய மனிதர்.

ஒருநாள் காலை அடுப்படியில் வாணலி எரிந்து புகை மண்டியது. பெரிதாக ஒன்றுமில்லை. அம்மா மேலே மூடியைக் கவிழ்த்தாள், அணைந்துவிட்டது. ஆனால் புகை மாடிவரை போயிருந்தது. அக்கா படியில் பாதிவரை இறங்கி வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் காலுக்கு நேர் கீழே அந்தக் கதவு.

"இங்க தீப்பிடிச்சா, அவர் நிலையத்துலேர்ந்துதான் வருவாங்க," என்றாள். பல நாளுக்குப் பிறகு அப்பாவைப் பார்த்து நேராகப் பேசினாள். "அன்னிக்குக் கூடப் போனாரே, அவரும் வருவாரு. அவருக்கு இப்பத்தான் பொண்ணு பொறந்திருக்கு. வந்து கதவுகிட்ட நின்னு கேப்பாரு."

திரும்பி மேலே போய்விட்டாள்.

அப்பாவுக்கு முதல் வகுப்புக்குப் போக வேண்டிய நேரம். பயிற்சிக் காரின் சாவி கையில் இருந்தது. அதை மேசையில் வைத்தார். கூடத்து மூலையில் இருந்த தொலைபேசிக்குப் போனார். நான் அடுப்படி வாசலில் இருந்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. எண்ணை எங்கும் பார்க்காமல் சுழற்றினார். அக்கா கல்யாணமான புதிதில், மச்சான் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டு அந்த எண்ணுக்கு அவர் எத்தனையோ முறை பேசியிருக்கிறார்.

எதிர்முனையில் இளம் குரல். எனக்கே கேட்டது.

"தீயணைப்பு நிலையம். சொல்லுங்க."

"ஒரு தகவல் சொல்லணும். வீட்டுல வச்சிருக்கிற... அந்த விதிப்படி."

"வெடிமருந்து தகவலாங்க? சரி. வீட்டுல உள்ள ஏதாவது இருக்கா?"

"ஒண்..." என்று தொடங்கிவிட்டது அப்பாவின் வாய். தானாக. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். கண்ணை இறுக மூடினார். ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"சார்? கேக்குதுங்களா? உள்ள ஏதாவது இருக்கா?"

"இருக்குங்க," என்றார் அப்பா.

"என்ன மருந்துங்க?"

"கருமருந்து. ரெண்டு டப்பா. முழுசா இருக்கு."

"யார் வீடுங்க?"

அப்பா மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தார். "உங்ககிட்ட வேலை பார்த்தாரே. கடைத்தெருவுல போனாரே. அவரோட மாமனார் வீடு," என்றார்.

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அந்தப் பையன் எழுந்து நின்றிருக்க வேண்டும்.

"சொல்லுங்கய்யா," என்றது குரல், மெல்ல. "வீட்டுல எந்த இடத்துல?"

"தீப்பிடிச்சா யாரும் உள்ள வர வேண்டாம்னு எழுதிக்குங்க, தம்பி. வீடு போனாப் போகுது. வெளியவே நிக்கட்டும்."

"எழுதிக்கிறேன்யா. எந்த இடம்?"

"மாடிப்படிக்குக் கீழ. தெருக்கதவு வழியா நுழைஞ்சதும்..."

அப்பா ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டார். கையை நீட்டினார். வகுப்பில் காட்டுவதுபோல, முழங்கை மடங்காமல், விரல்களைச் சேர்த்து, தோள் உயரத்துக்கு.

"இடது பக்கம்," என்றார்.

கையை அவர் இறக்கவில்லை.